கணக்குக் கேட்டால் கசக்கிறதா?

 

ஜி.எஸ்.டி. கணக்கை ஒரு நாள் தாமதமாகத் தாக்கல் செய்தால் சிறு வியாபாரிக்குத் தாமதக் கட்டணம். கோடிகளில் நன்கொடை வாங்கும் அரசியல் கட்சியிடம் நாம் கணக்குக் கேட்டால் மட்டும் கதவு சாத்தப்படுகிறது. இது என்ன நீதி?

2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம் ஒரு தீர்ப்பு வழங்கியது. காங்கிரஸ், பா.ஜ.க., இரு கம்யூனிஸ்டுகள், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் ஆகிய ஆறு கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்றது. காரணம்? டெல்லியில் சலுகையில் நிலமும் வீடும், வருமான வரி விலக்கு, தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம். அத்தனையும் மக்கள் சொத்து! ஆறு வாரத்துக்குள் தகவல் அலுவலரை நியமிக்கவும் உத்தரவிட்டது.

மேடைக்கு மேடை மோதிக்கொள்ளும் இவர்கள் இதில் மட்டும் ஒன்றானார்கள். எவரும் தீர்ப்பை ஏற்கவில்லை. தவறு என்று கருதினால் நீதிமன்றம் போயிருக்கலாமே? அதுவும் இல்லை. 2005இல் இச்சட்டத்தைக் கொண்டுவந்த அதே காங்கிரஸ் அரசு, 2013 ஆகஸ்டில் கட்சிகளுக்கு விலக்குக் கேட்டு மசோதா கொண்டு வந்தது. 2014இல் மக்களவை கலைந்ததால் அது காலாவதியானது.

2015 மார்ச்சில் ஆணையமே கைவிரித்தது. உத்தரவை நிறைவேற்றத் தன்னிடம் அதிகாரம் இல்லை என்றது. சட்டப்படி நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் உண்டு. ஆனால் அது தகவல் அலுவலர் மீதுதான். அலுவலரையே நியமிக்காதவர்களிடம் யாருக்கு அபராதம் போடுவது?

2019இல் பா.ஜ.க. அரசு தன் பங்கைச் செய்தது. ஆணையர்களின் நிலையான ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை நீக்கி, காலத்தையும் சம்பளத்தையும் தானே முடிவு செய்யும்படி சட்டத்தைத் திருத்தியது. சம்பளம் தருபவரின் முகம் பார்த்தா நடுவர் தீர்ப்புச் சொல்வது?

'தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் கொடுக்கிறோமே' என்பார்கள். 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயர்தானே அதில் வரவேண்டும்? மற்றது? 'உள்கட்சி ரகசியம் வெளியாகிவிடும்' என்பார்கள். மறைக்க வேண்டியதை மறைக்கச் சட்டத்தின் 8ஆம் பிரிவே வழி சொல்கிறதே!

தீர்ப்பு காகிதத்தில் இருந்தால் போதாது. கேட்கும் வாய் வேண்டும். அரசு அலுவலகத்தில் ஒரு மனு, 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு, அதற்கும் மேல் ஆணையம் என்று விடாமல் நடப்போம். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் ஒரே கேள்வி கேட்போம்: 2013 தீர்ப்பை உங்கள் கட்சி ஏற்கிறதா, இல்லையா?

பதில் வரும்வரை கேட்போம்!