வெளுத்தது திரையா, நம் படிப்பா?



ஆண்டு மலர் என்றாலே கவிதையும் சுற்றுலா நினைவுகளும்தான் வரவேண்டுமா என்ன? இந்த முறை லேப்டாப் திரையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "இதுல என்னப்பா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாளை நம் கையில் வரப்போகும் டிப்ளமோவுக்கு என்ன மதிப்பு என்பதும் இதற்குள் இருக்கிறது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. பல வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் நுழைந்ததே அப்படித்தான். இன்று டிராயிங், புராஜெக்ட், செமினார் எதுவுமே லேப்டாப் இல்லாமல் நகராது. அப்பா கடன் வாங்கித் தந்ததோ, அண்ணன் பழசைக் கொடுத்ததோ, அந்தப் பெட்டி பழுதானால் வீட்டில் ஒரு மாதத்துக் கணக்கே தடுமாறிப் போகிறது.

இந்தப் பழுதுகளில் ஒன்றுதான் நிறம் வெளுத்துப் போவது. கருப்பு சாம்பலாகத் தெரியும். சிவப்பு ரோஸ் ஆகிவிடும். பல தடவை துவைத்த சட்டை மாதிரி திரையே சாயம் போய்க் கிடக்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம்!

ஹாஸ்டலில் என் நண்பன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. டிரைவர் அப்டேட் ஆன பிறகு ஸ்க்ரீன் வெளுத்துவிட்டது. ஆட்டோகேட் டிராயிங்கில் மஞ்சள் கோடு எது, வெள்ளைக் கோடு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "தம்பி, டிஸ்ப்ளே போயிடுச்சு. புதுசுதான் போடணும். ஆறாயிரம் ஆகும்." "அண்ணே, வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று திரும்பி வந்தவன் அன்று மெஸ்ஸில் சரியாகச் சாப்பிடவில்லை.

இரவு நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம். சார்ஜரைச் செருகினால் நிறம் வந்தது. பிடுங்கினால் போனது. பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஒரு வசதி புதிதாக ஆன் ஆகியிருந்தது, அவ்வளவுதான்! எங்கள் அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ராத்திரி மூடிவைத்து சார்ஜ் போட்டு, பகலெல்லாம் பேட்டரியிலேயே ஓட்டுவதால் அவன் கண்ணில் அது படவே இல்லை. கடைக்கும் சார்ஜர் இல்லாமல்தான் போயிருந்தான். அந்த வசதியை நிறுத்தினோம். ஆறாயிரமும் மிச்சம், புராஜெக்ட்டும் தப்பித்தது.

இதை வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். எதையும் மாற்றுவதற்கு முன்னால், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் டெக்னீஷியன் என்று பெயர்.

எந்த ஸ்டாப்பில் நின்றது?

பஸ் வரவில்லை என்றால் "எந்த ஸ்டாப் வரைக்கும் வந்தது?" என்று விசாரிக்கிறோம் அல்லவா? நிறமும் அப்படித்தான் பயணம் செய்கிறது. மென்பொருள் படத்தை உருவாக்குகிறது. கிராஃபிக்ஸ் பகுதி அதைத் தன் கணக்குப்படி திருத்தி அனுப்புகிறது. கீல் வழியாகப் போகும் மெல்லிய கேபிள் அதைச் சுமக்கிறது. பேனல் நிறமாக்குகிறது. பின்னாலிருந்து பேக்லைட் வெளிச்சம் தருகிறது. கடைசி ஸ்டாப் நம் கண். இதில் எங்கே கோளாறு என்று பிரிக்க காசு செலவில்லாத ஆறு சோதனைகள் போதும்.

முதலில், திரையை நேருக்கு நேர் பாருங்கள். பழைய, மலிவான லேப்டாப்புகளில் டி.என். வகைப் பேனல் இருக்கும். திரையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சாய்த்தாலே அதில் நிறம் வெளுக்கும். அது பழுது இல்லை, அதன் பிறவிக்குணம். ஐ.பி.எஸ். பேனலில் இந்தத் தொல்லை வெகு குறைவு.

இரண்டாவது, சார்ஜரைச் செருகியும் பிடுங்கியும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மின்சிக்கன வசதியின் வேலை.

மூன்றாவது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் வெளுத்திருந்தால் படத்திலோ மென்பொருளிலோ கோளாறு. போனில் பளிச்சென்று இருந்தால் படம் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு அடுத்த ஸ்டாப்புகளில் தேட வேண்டும்.

நான்காவது, லேப்டாப்பை அணைத்துப் போட்டு பயாஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அங்கேயும் கருப்பு சாம்பலாக இருந்தால் கேபிள், பேனல் பக்கம் சந்தேகம் போகலாம். அங்கே நன்றாக இருந்து விண்டோஸில் மட்டும் வெளுத்தால் செட்டிங்கும் டிரைவரும்தான் குற்றவாளிகள்.

ஐந்தாவது, லேபில் உள்ள மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டிப் பாருங்கள். வெளி மானிட்டரில் எல்லாம் சரியாக இருந்தால், சந்தேக வட்டம் லேப்டாப்பின் சொந்தத் திரைக்கும் அதற்கான செட்டிங்குக்கும் சுருங்கிவிடும்.

ஆறாவது, மூடியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைவுக்குத் தகுந்தபடி நிறம் மாறினால், கோடு விழுந்தால், கீல் பக்கம் கேபிள் தளர்ந்திருக்கிறது. கேபிளின் விலை வேறு, பேனலின் விலை வேறு!

பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் பேனலை மாற்றுவது தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போலத்தான்.

செட்டிங் என்ற கள்ளன்

செட்டிங் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டால் தேடவேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்.

எச்.டி.ஆர். என்று ஒன்று உண்டு. அதிக வெளிச்சம் தரக்கூடிய திரைகளுக்கான வசதி. வெளிச்சம் குறைந்த பேனலில் அதை ஆன் செய்தால் சாதாரணப் படம், டெஸ்க்டாப் எல்லாம் வெளிறிப்போகும். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்கில் அணைக்கலாம். விண்டோஸ், ஆல்ட், பி மூன்று கீயையும் சேர்த்து அழுத்தினாலும் அது ஆன், ஆஃப் ஆகும். கை தவறி அழுத்தி ஆன் ஆவதும் உண்டு.

அடுத்தது மின்சிக்கனம். இன்டெல், ஏ.எம்.டி. இரண்டு கிராஃபிக்ஸிலும் இது உண்டு. ஏ.எம்.டி.யில் வேரி-பிரைட் என்று பெயர். பேக்லைட்டைக் குறைத்துவிட்டு, அதை ஈடுகட்டப் படத்தின் அளவுகளை உயர்த்திவிடும். பேட்டரி மிச்சம், ஆனால் நிறம் நஷ்டம். விண்டோஸ் 11-லேயே திரையில் என்ன தெரிகிறதோ அதற்கேற்ப வெளிச்சத்தை மாற்றும் வசதியும் பிரைட்னஸ் பகுதியில் இருக்கிறது.

மூன்றாவது கலர் புரொஃபைல். எந்தத் திரையில் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்லும் ஜாதகம் மாதிரி ஒரு கோப்பு. வேறொரு திரையின் ஜாதகம் ஒட்டிக்கொண்டால் பலன் தப்பாகத்தானே வரும்? கலர் மேனேஜ்மென்ட்டில் அதை நீக்கிவிட்டு எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றிப் பாருங்கள். இந்த எஸ்.ஆர்.ஜி.பி. என்பது 1996-ல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்து, 1999-ல் சர்வதேசத் தரமாக ஆன நிற அளவு.

நான்காவது, செமினார் ஹாலில் நாம் அடிக்கடி பார்ப்பது. லேப்டாப்பில் அழகாக இருக்கும் படம் வெளி மானிட்டரிலோ புரொஜெக்டரிலோ வெளுத்துத் தெரியும். கம்ப்யூட்டர் கணக்கில் கருப்பு 0, வெள்ளை 255. டி.வி. கணக்கில் கருப்பு 16, வெள்ளை 235. லேப்டாப் டி.வி. கணக்கில் அனுப்ப, எதிரே உள்ளது கம்ப்யூட்டர் கணக்கை எதிர்பார்த்தால் என்ன ஆகும்? 16 என்பதை அது சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் லிமிடெட் என்று இருப்பதை ஃபுல் என்று மாற்றினால் தீர்ந்தது. இரண்டு பேர் வேறு வேறு பாஷை பேசியதற்கு புரொஜெக்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

உண்மையையும் சொல்லிவிடுகிறேன்

எல்லாம் செட்டிங்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. வெளுத்ததெல்லாம் பால் இல்லை! உண்மையிலேயே பேனல் போனதும் உண்டு. வாங்கும்போதே வெளிறிய பேனலும் உண்டு. விலை குறைந்த லேப்டாப்புகளின் விவரப் பட்டியலில் "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று பொடி எழுத்தில் இருக்கும். எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் சுமார் 60 முதல் 65 சதவீதம்தான் அதில் தெரியும் என்று அர்த்தம். 72 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்றால் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி. வந்துவிடும். பேனலால் காட்ட முடியாத சிவப்பை எந்த செட்டிங்காலும் வரவழைக்க முடியாது. ஆகவே வாங்கப் போகும் தம்பி தங்கைகள் ராம் எத்தனை, ஹார்ட் டிஸ்க் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாமல், "பேனல் எத்தனை சதவீதம்?" என்றும் கேளுங்கள்.

கடைக்காரர் மட்டும்தான் குற்றவாளியா?

அந்தக் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடை வாடகை கட்ட வேண்டும், பையனுக்குச் சம்பளம் தர வேண்டும். அவர் அரை மணி நேரம் சோதித்து, ஒரு செட்டிங்கை மாற்றிக் கொடுத்து, "முந்நூறு ரூபா கொடுங்க" என்று கேட்டால் நாம் கொடுப்போமா? "ரெண்டு கிளிக் பண்ணதுக்கா முந்நூறு?" என்று சண்டைக்குப் போவோம்! அதே மனிதர் புதுப் பேனல் போட்டால் ஆறாயிரத்தைச் சத்தமில்லாமல் எண்ணிக் கொடுப்போம். கையில் தொட்டுப் பார்க்கிற பொருளுக்குக் காசு கொடுக்கிறோம். கண்டுபிடித்த அறிவுக்குக் கொடுக்க மனசு வருவதில்லை. அறிவுக்குக் கூலி இல்லாத ஊரில் எல்லோரும் பொருளைத்தானே விற்பார்கள்?

நாளைக்கு நம்மில் பலர் அதே நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள். அப்போது நாமும் "டிஸ்ப்ளே போச்சு" என்று சொல்லப் போகிறோமா? சோதனைக்கு இவ்வளவு கட்டணம் என்று வெளிப்படையாகப் பலகையில் எழுதிப்போட்டு, உண்மையைச் சொல்லி, அதற்கு உரிய கூலியை வாங்கப் போகிறோமா? என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். வாடிக்கையாளராக இருக்கும்போதும் அந்தக் கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடுக்கப் பழகுவோம்.

நாம் என்ன செய்யலாம்?

மெஷின் லேபில் மோட்டார் ஓடவில்லை என்றால் எடுத்த எடுப்பிலேயே ரீவைண்டிங்குக்கு அனுப்புகிறோமா? சப்ளை வருதா, ஃபியூஸ் இருக்கா, ஸ்டார்ட்டர் பிடிக்குதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். அந்த வரிசை நம் சிலபஸிலேயே இருக்கிறது. லேபை விட்டு வெளியே வந்ததும் அதை ஏன் கதவோரம் கழற்றி வைத்துவிடுகிறோம்?

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், லேபில் ஒரு மேஜை போதும். ஒரு மானிட்டர், ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், நன்றாக வேலை செய்யும் ஒரு சார்ஜர், ஒரு நோட்டு. பழுதான லேப்டாப்பைக் கொண்டு வருபவர் முதலில் அந்த ஆறு சோதனைகளைத் தன் கையாலேயே செய்யட்டும். மூன்றாமாண்டுக்காரர் பக்கத்தில் நின்று வழி சொல்லட்டும். என்ன குறை, எந்தச் சோதனையில் பிடிபட்டது என்று நோட்டில் எழுதி வைப்போம். அடுத்த வருஷம் வருகிற தம்பிகளுக்கு அந்த நோட்டைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. பேனல்தான் போயிருக்கிறது என்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. அந்தப் பையன் கடைக்குப் போகும்போது விவரத்தோடு போவான், ஏமாறாமல் வருவான்.

மேஜை நான் துடைத்து வைக்கிறேன். நீங்கள் லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள். மறக்காமல் சார்ஜரையும்!