இரண்டு பழைய கமராக்கள்: மலைநாட்டு வீட்டுக்கு ஏற்றது எது?

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முன்னோர் வாக்கு. கருவிகளை வாங்கும்பொழுது இவ்வாக்கினை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். எண் பெரிதாயின் பொருள் நன்று, விலை பெரிதாயின் அதனினும் நன்று என்று கருதிக் கைப்பொருளை இழப்போர் பலர். கமரா வாங்குவோர் விடயத்தில் இது முற்றிலும் உண்மையாகும்.

கைத்தொலைபேசியே கமராவாகவும் விளங்கும் இக்காலத்தில் தனிக் கமரா எதற்கு என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. இருள் சூழ்ந்த இடத்தில் இன்றைய நல்ல தொலைபேசி எடுக்கும் படத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய சிறு கமரா எடுத்தல் அரிது. ஆயினும் தொலைபேசி என்பது ஒருவருடைய உடைமை. அவர் வேலை தேடிக் கொழும்புக்குச் சென்றால் அதுவும் உடன் செல்லும். கமராவோ வீட்டுக்குரியது. அதனை அப்பாயியும் எடுக்கலாம். பள்ளி செல்லும் சிறுமியும் எடுக்கலாம். மேலும், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியோர் கொண்டுவந்த கமராக்கள் றங்குப் பெட்டிகளுள் உறங்கிக் கிடக்கும் வீடுகளும் உள. பழைய பொருள் விற்கும் கடைகளிலும் அவை கிடைக்கும். அவற்றுள் எதனைத் தெரிவது என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் பொருள்.

ஒப்பீட்டுக்கு இரண்டினை எடுத்துக்கொள்வோம். ஒன்று கெனன் பவர்ஷாட் ஏ590 ஐ.எஸ்.; மற்றது கெனன் டிஜிட்டல் இக்ஸஸ் 80 ஐ.எஸ். பின்னது அமெரிக்காவில் பவர்ஷாட் எஸ்.டி.1100 ஐ.எஸ். என்ற பெயரால் விற்கப்பட்டது. இரண்டும் 2008 ஆம் ஆண்டில் ஒரே நிறுவனத்திலிருந்து வெளிவந்தவை. ஆதலின் இவற்றை ஒப்பிடுதல் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிடுதல் போன்றது.

எவ்வூரில் பயன்படுத்துவதற்கு என்பதையும் முன்னரே கூறிவிடுதல் நன்று. ஊவா மாகாணத்துக் கொஸ்லந்தையை நாம் மனத்திற் கொள்கின்றோம். பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில், ஏறக்குறைய 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் உள்ள ஊர் இது. சூழவும் தேயிலை மலைகள், மாலையில் மூடுபனி, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கடுமழை. இங்கே நின்று பயன்படும் கமரா மலைநாட்டில் எங்கும் பயன்படும் எனலாம்.

முதலில் இரண்டுக்கும் பொதுவானவற்றைக் காண்போம். இரண்டும் 8 மெகாபிக்சல் திறனுடையவை. அதாவது ஒவ்வொரு படமும் 3264 க்கு 2448 என்னும் அளவில் ஏறக்குறைய 80 இலட்சம் புள்ளிகளால் ஆனது. இது போதுமா என்று ஐயுற வேண்டியதில்லை. நாம் வழக்கமாக அச்சிடும் 4 க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டாலும், 22 இலட்சம் புள்ளிகளே வேண்டும். எஞ்சியவை பெரிதாக்கி அச்சிடும்பொழுது உதவுவன. ஆகவே 8 என்ற எண்ணைக் கண்டு இகழ்வதும், 48 என்ற எண்ணைக் கண்டு மயங்குவதும் வேண்டா.

இரண்டிலும் ஒளியை உணரும் சில்லு ஒரே அளவினது. அது ஏறக்குறைய 5.8 மில்லிமீற்றர் நீளமும் 4.3 மில்லிமீற்றர் அகலமும் உடையது. சிறுவிரல் நகத்தினும் சிறியது. இச்சிறுமையே இவற்றின் பலவீனத்துக்குக் காரணம். மங்கிய ஒளியில் இச்சில்லுக்குக் கிடைக்கும் ஒளி சிறிது. அதனைக் கருவி மின்னாற் பெருக்கிக் காட்டும்பொழுது படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். ஐ.எஸ்.ஓ. என்னும் எண்ணை 80 முதல் 200 வரை வைத்துக்கொண்டால் படம் தெளிவாக அமையும். 400 ஐத் தாண்டினால் மணல் தெரியத் தொடங்கும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இரண்டிலும் உண்டு. வெயிலில் திரை தெரியாதபொழுது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரமும் இரண்டிலும் உண்டு. திரையை அணைத்துவிட்டு இச்சாளரத்தின் வழியே பார்த்து எடுத்தால் பற்றரியும் நெடுநேரம் உழைக்கும்.

இனி வேற்றுமைகளுக்கு வருவோம்.

இக்ஸஸ் 80 உலோக உடல் கொண்டது. பற்றரி நீங்கலாக 125 கிராம் எடையே உடையது. சட்டைப் பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. ஏ590 பிளாஸ்டிக் உடலும் கைப்பிடிப் புடைப்பும் உடையது. பற்றரி நீங்கலாக 175 கிராம். பையில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும். அழகுக்குப் பரிசு கொடுப்பதாயின் இக்ஸஸுக்கே கொடுத்தல் வேண்டும்.

வில்லையின் பார்வையில் ஏ590 முந்துகின்றது. பழைய பிலிம் கமராவின் கணக்கிற் கூறுவதாயின் அது 35 முதல் 140 மில்லிமீற்றர் வரை செல்லும். இக்ஸஸ் 38 முதல் 114 வரை செல்லும். இவ்வெண்கள் வீட்டில் எதனைக் குறிக்கின்றன? பத்தடி தூரத்தில் நின்று எடுக்கும்பொழுது ஏ590 இன் படத்தில் ஏறக்குறைய ஒரு சாண் அகலம் கூடுதலாக அடங்கும். நெருக்கமான லயக் காம்பிராவில் பின்னே நகர இடமின்றிச் சுவரில் முதுகு முட்ட நிற்கும்பொழுது, ஓரத்தில் நிற்கும் பிள்ளை படத்தில் அடங்குவதும் வெட்டுப்படுவதும் அந்த ஒரு சாணில்தான் இருக்கின்றது. தொலைவில் உள்ளதை அருகே காட்டும் திறத்திலும் ஏ590 மேம்பட்டது. எதிர்மலையிற் கொழுந்து பறிக்கும் தாயை வீதியில் நின்றே எடுக்கலாம்.

மாணவர் கவனிக்க வேண்டிய வேற்றுமை ஒன்றுண்டு. ஏ590 இல் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும், ஒளி புகும் துவாரத்தின் அளவையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். நீர்வீழ்ச்சியை ஒரு விநாடியில் 500 இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் துளிகள் முத்துக்களாக உறைந்து நிற்கும். மாலை மங்கிய வேளையில் கமராவைக் கல்லின் மேல் வைத்து அரை விநாடி நேரத்தில் எடுத்தால் அதே நீர் வெண்புகையாக வழியும். நேரம் என்பது படத்தில் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை இதனினும் எளிதாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை. இக்ஸஸிலோ இவ்வமைப்புகளில் பெரும்பாலானவற்றைக் கருவியே முடிவு செய்துவிடும். படம் எடுப்பது மட்டுமே நோக்கமாயின் அது குறையன்று. பழகுவது நோக்கமாயின் குறையே.

யாவற்றினும் முக்கியமான வேற்றுமை பற்றரி. இக்ஸஸ் தனக்கென அமைந்த என்.பி.-4எல் என்னும் லிதியம் பற்றரியில் இயங்குவது. இவ்வகைப் பற்றரி பயன்படுத்தாது வைத்திருந்தாலும் ஆண்டுதோறும் வலுவிழக்கும். 2008 இல் வந்த பற்றரி இன்று வீங்கியோ வறண்டோ இருத்தல் கூடும். பிற நிறுவனத்தார் செய்யும் மாற்றுப் பற்றரிகள் நகரங்களிற் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் தரம் ஒரே சீரானதன்று. ஏ590 க்கு வேண்டியவை இரண்டு பென்டோர்ச் பற்றரிகள். அவை பெட்டிக் கடையிலும் கிடைக்கும். மலிவான சாதாரணப் பற்றரி சில படங்களுடன் சோர்ந்துவிடும். அல்கலைன் வகை அதனினும் நன்று. மின்னேற்றிப் பலமுறை பயன்படுத்தும் நிக்கல் வகை யாவற்றினும் சிறந்தது. நான்கு வாங்கி, இரண்டைக் கமராவிலும் இரண்டை மின்னேற்றியிலும் வைத்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாளிலும் கடையில் வாங்கிய பற்றரியைப் போட்டுப் பிள்ளையின் பிறந்தநாளைப் படமெடுக்க இயலும்.

ஏ590 க்கும் குறைகள் உள. ஒருமுறை பிளாஷ் அடித்தபின் மறுமுறைக்குப் பல விநாடிகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் சிரித்த குழந்தை அழத் தொடங்கிவிடும். பற்றரி அறையின் மூடி மென்மையானது, முரட்டுத்தனமாகத் திறத்தலாகாது. பற்றரியை உள்ளேயே மறந்துவிட்டால் அது கசிந்து பச்சைக் களிம்பு பிடிக்கும்.

இவை யாவற்றையும் சீர்தூக்கின் நமது முடிவு வருமாறு: நகரில் வாழ்ந்து, பையில் எப்பொழுதும் கமரா வைத்திருக்க விரும்புவோருக்கு இக்ஸஸ் 80, மலைநாட்டுத் தோட்டத்தில் பலர் கைமாறிப் பயன்படுத்தும் குடும்பத்துக்கும், கற்கும் மாணவருக்கும் ஏ590. வீட்டால் உணவூட்டக்கூடிய பசுவே வீட்டுக்கு ஏற்ற பசு.

பழையதாக வாங்குவோர் சிலவற்றைச் சோதித்தல் வேண்டும். பலமுறை இயக்கி அணைத்து, வில்லை தடையின்றி நீண்டு மடங்குகின்றதா என்று பாருங்கள். வெண்சுவரை ஒரு படம் எடுத்துக் கறையுண்டா என்று நோக்குங்கள். மலைநாட்டு ஈரத்தில் வில்லையினுள் பூஞ்சணம் படர்வதுண்டு, அதனை வீட்டில் நீக்க இயலாது. மெமரி கார்ட் வாங்குகையில் 32 ஜிகாபைட்டைத் தாண்ட வேண்டா; அதனிற் பெரிய கார்டுகள் இக்காலத்துக் கமராக்களுக்கு உரியவை. இரண்டு ஜிகாபைட் கார்டே ஏறக்குறைய 600 படங்களைத் தாங்கும். மூடுபனியிற் படமெடுக்கும்பொழுது பிளாஷை நிறுத்திவிடுங்கள். இன்றேல் பனித்துளிகள் யாவும் வெண்பொட்டுகளாகப் படத்தில் விழும்.

கமராவைத் தேர்ந்துவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை. கொஸ்லந்தையை நாம் எடுத்துக்கொண்டதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்திருந்தனர். உயிர்கள் போயின, வீடுகளுடன் வீட்டினுள் இருந்தவையும் மண்ணுள் மறைந்தன. போன உயிருக்கு ஈடில்லை. ஆனால் பிழைத்தவருக்கு, தாயின் முகத்தைக் காட்டும் ஒரு படம் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றாகுமா? காணாமற்போனவர் இவர் என்று காட்டுவதற்கும் ஒரு படம் வேண்டுமன்றோ?

ஆகவே, ஒரே வீட்டில் இருக்கும் படம் பாதுகாப்பான படமன்று என்பதை நாம் கைக்கொள்ளுதல் வேண்டும். கமராவின் கார்டில் ஒன்று, அச்சிட்டு வீட்டில் ஒன்று, வேற்றூர் உறவினரிடம் ஒன்று என மூன்று இடத்தில் இருத்தல் நன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமென எண்ணிக்கையாற் பங்கிட்டது. அதனால் நீலகிரியில் ஒரு கிளையும் ஊவாவில் ஒரு கிளையுமாகப் பிரிந்த குடும்பங்கள் உள. அக்கரை உறவினருக்குப் படங்களின் படியொன்றை அனுப்பிவைத்தால், அவர்களுக்கு மகிழ்ச்சி, நமக்குப் பாதுகாப்பு.

படத்தின் பின்புறத்தில் பென்சிலால் முழுப்பெயர், ஊர், திகதி ஆகியவற்றை எழுதுதலும் இன்றியமையாதது. அப்பாயி என்று மட்டும் எழுதிவைத்தால், ஐம்பது ஆண்டுகளின் பின் அவர் யாருடைய அப்பாயி என்று கூறுவார் இலர். ஜூலியா மார்கரெட் கமரோன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்தார். இந்நாட்டுத் தொழிலாளர் சிலரையும் அவர் படமெடுத்தார். அப்படங்களை இன்று உலகின் அரும்பொருட்காட்சிச்சாலைகள் போற்றுகின்றன. அவற்றுட் காணும் முகங்கள் பலவற்றின் பெயரோ நமக்குத் தெரியாது. அன்று படம் எடுத்தவர் வேறொருவர். இன்று கமரா நம் கையில் உள்ளது. பென்சிலும் நம் கையிலேயே உள்ளது.

ஒக்டோபர் மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பணிக்கென ஒதுக்குங்கள். பெட்டியிலுள்ள கமராவைத் துடைத்துப் பற்றரி இடுங்கள். வீட்டில் மூத்தவரை இஸ்தோப்பில், நல்ல வெளிச்சத்தில் அமர்த்தி முதற் படத்தை எடுங்கள். எடுத்த படத்தின் ஒரு படி, அம்மழைக்கு முன்னரே வேற்றூர் சென்று சேரட்டும்.