முக்காலி எந்த மரம்?

பொழுதுபோக்கு என்று நாம் சொல்லும் காரியங்களில் பெரும்பாலானவை பொழுதைப் போக்குவதோடு நின்றுவிடுகின்றன. போன பொழுதுக்கு அத்தாட்சியாக எதையும் விட்டுவைப்பதில்லை. தச்சு வேலை அப்படிப்பட்டதன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் இழைப்புளியைக் கையில் எடுத்தவர் மாலையில் ஒரு முக்காலியையோ, ஒரு மருந்துப் பெட்டியையோ, குறைந்தபட்சம் விரலில் ஒரு கட்டையோ அத்தாட்சியாகக் காட்ட முடியும்.

இந்தத் தச்சு மோகம் படித்த குடும்பங்களிலும் பரவி வருவது நமக்கு மிகுந்த சந்தோஷத்தை அளிக்கிறது. காரியாலயத்தில் கணக்குப் பார்க்கிறவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், வைத்தியர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆகிய பலதரப்பட்டவர்களும், ஸ்திரீ புருஷ பேதமின்றி, ரம்பமும் உளியும் வாங்குகிறார்கள். செய்த பொருளைக் கைப்பேசியில் படம் பிடித்துச் சிநேகிதர்களுக்கு அனுப்புகிறார்கள். ஒருவர் பேத்திக்கு நடைவண்டி செய்திருப்பார். இன்னொருவர் நவராத்திரிக்குக் கொலுப்படி செய்திருப்பார். மற்றொருவர் பல்லாங்குழிப் பலகையில் பதினான்கு குழிகளையும் குடைந்து முடித்துவிட்டுப் பதினைந்து நாள் தோள்வலியைப் பற்றி எழுதியிருப்பார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாற்காலியை விட்டு முக்காலியைப் பிடித்துக்கொள்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூன்று கால் உள்ளது எந்தத் தரையிலும் ஆடாது என்பது க்ஷேத்திர கணிதம். தச்சனின் கைத்திறமை அதற்கு அவசியமில்லை!

இதை அற்ப விஷயமென்று எவரும் ஒதுக்க வேண்டாம். 1910-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகருக்குச் சமீபத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வசித்தன; அவர்களிலே தமிழர்கள் கணிசமான தொகையினர். அந்தப் பண்ணைக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களை, பெஞ்சி முதல் பெட்டி வரையில், அங்கிருந்தவர்களே செய்துகொண்டார்கள். தச்சு வேலைக்குத் தலைமை வகித்தவர் ஹெர்மன் காலன்பாக். அவர் கட்டடக் கலைஞர். பண்ணை நிலத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. பிற்பாடு 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலின் மூலமாகவே குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்ற திட்டம் உருவாயிற்று. அதற்கு விதை டால்ஸ்டாய் பண்ணையில் விழுந்தது என்பதே நமது அபிப்பிராயம்.

ஆகையால் படம் அனுப்புகிறவர்களை நாம் மனமார வாழ்த்துகிறோம். ஆனால் அந்தப் படங்களில் ஒரு குறை தென்படுகிறது. எந்த ஊர் உளி, எத்தனை பல் ரம்பம், எந்த மெருகெண்ணெய், எத்தனை முறை பூசியது என்ற விவரமெல்லாம் தவறாமல் வருகிறது. அந்த மரம் எங்கே நின்றது என்ற விவரம் மட்டும் வருவதில்லை. தேக்கு என்றால் ஒரு மதிப்பு. ஈட்டி என்றால் அதைவிடப் பன்மடங்கு மதிப்பு. மாமரம் என்றாலோ, "பழகுவதற்காகச் செய்தது" என்று கூச்சத்தோடு ஒரு சமாதானம் பின்தொடர்கிறது. இந்தக் கூச்சம் எவ்வளவு தவறானது என்பதை அறிய விரும்புகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்புக்கு ஒருமுறை போய் வர வேண்டும்.

தோப்பு என்று பெயரிருந்தாலும் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் வாசற்படி. காட்டழகர் கோயிலுக்கும் மீன்வெட்டிப்பாறை அருவிக்கும் போகிறவர்கள் அந்த வழியாகவே காட்டுக்குள் நுழைய வேண்டும். அங்கே சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. நம் வீட்டு முற்றத்து அணிலைப் போல் பன்மடங்கு பெரிய பிராணி அது. வாலோ உடம்பளவு நீளம். இந்தியாவில் மிகச் சில இடங்களிலும், கடல் கடந்தால் இலங்கையிலும் மட்டுமே அதைக் காணலாம். அதன் பொருட்டு 1988-ல் சுமார் 485 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று.

இந்த அணில் அபூர்வமாகத்தான் தரையில் இறங்கும். மரத்துக்கு மரம் கிளைவழியே தாவுவதுதான் அதன் போக்குவரத்து. கூட்டையும் பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து கூடும் உச்சியிலேதான் சுள்ளியும் இலையும் கொண்டு கட்டுகிறது. ஆபத்து வந்தால் எந்தத் திசையிலும் தப்பிவிடலாம் அல்லவா? இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மரத்தை வெட்டினால் ஒரு மரம் போயிற்று என்று கணக்கிட முடியாது. அணிலுக்கு அது பாலம் இடிந்த சாலை. அங்கே செண்பகம் உண்டு. அது தச்சனுக்கு உகந்த மரமே. இருந்தாலும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்கிறது. அனுமதியின்றி எவரும் அதைத் தொட முடியாது. அந்த மரத்தின் மெய்யான விலை எந்த மரக்கடைப் பட்டியலிலும் எழுதப்படவில்லை.

அப்படியானால் மரத்தையே தொடக்கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். இதற்கு விடை சொன்ன பெரியவர் ஒருவர் இதே வட்டாரத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டி இருக்கிறது. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வசித்து, 1960-ல் காலமானவர் ஜே. சி. குமரப்பா. நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி அவர் எழுதி 1945-ல் வெளிவந்த நூலில் ஒரு பாகுபாடு செய்கிறார். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் தேங்கிக் கிடக்கும் செல்வங்கள். எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் ஆற்றுநீரும் வளரும் காட்டுமரமும் அவ்வாறல்ல. பெருகுகிற பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அவை என்றும் குறைவதில்லை. நம் தாய்மார்கள் வட்டியையும் முதலையும் வேறுபடுத்திப் பார்க்கும் கணக்கு இது. மலைமேல் இருப்பது முதல். சமவெளியில் ஆண்டுதோறும் வீழ்வது வட்டி.

அந்த வட்டிக்கு ராஜபாளையம் பகுதியில் குறைவில்லை. மலையடிவாரம் நெடுக மாந்தோப்பும் தென்னந்தோப்புமாக இருக்கின்றன. அவ்வூர்ச் சப்பட்டை மாம்பழத்தைச் சுவைத்தவர்கள் மறக்கமாட்டார்கள். காய்ப்பு ஓய்ந்த மாமரம் வீழ்ந்ததும் பெரும்பாலும் விறகுக்கோ, சாமான் கட்டும் பெட்டிக்கோ போய்விடுகிறது. அதே மரத்தில் பொன்னிறமும் பழுப்பும் கலந்த அழகிய ரேகைகள் ஓடுகின்றன. மாம்பலகை சீக்கிரம் உளுத்துப் போகும் என்பது உண்மைதான், பரிகாரமும் உண்டு. வெட்டியவுடன் தாமதமின்றி அறுத்துவிட வேண்டும். போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரில் பலகையை ஊறவைத்தால் வண்டு அண்டாது. (சமையலறைப் பலகைக்கு மட்டும் இந்த மருந்து ஆகாது.) பிறகு நிழலில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி கொடுத்து, காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. பொறுமைக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை கிடையாது.

மாமரம் மட்டுந்தானா? வேம்பைப் பூச்சி எளிதில் தீண்டாது; ஆனால் அதன் இழை பின்னிக்கிடப்பதால் இழைப்புளிக்கு நல்ல கூர் வேண்டும். வாகையின் வைரம் கரும்பழுப்பாக, சீமை வால்நட் மரத்துக்கு இணையாக விளங்கும். அதன் தூள் தும்மலை வரவழைக்கும் என்பதால் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நலம். தென்னையின் வெளிப்புறம் உளியையே மழுக்கும் வைரம், நடுப்பகுதி வெறும் சோறு. இடிக்கப்படும் பழைய வீடுகளின் நிலை, கதவு, உத்திரம் ஆகியவற்றிலே நன்கு காய்ந்த தேக்கே கிடைக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் ஆணியை மட்டும் முன்கூட்டித் தேடிவிட வேண்டும். ஓர் எச்சரிக்கையும் அவசியம். மலையணில் அடிவாரத்து மாந்தோப்புக்கும் புளியந்தோப்புக்கும் விருந்துக்கு வருவதுண்டு. அங்கே மரம் வீழ்த்துகிறவர்கள் முதலில் உச்சியில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, வனத்துறையினரையும் கலந்துகொள்ள வேண்டும்.

மரத்தின் விலையைப் பற்றிச் சொன்னோம். கைவேலை நமக்குக் கற்பிக்கும் இன்னொரு விலையும் உண்டு. அது உழைப்பின் விலை. ஸ்வீடன் தேசத்தில் நாஸ் என்னும் ஊரில் ஓட்டோ ஸாலமன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உபாத்தியாயர்களுக்குத் தச்சு வேலை கற்பித்தார். பல தேசங்களிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே சென்று பயின்றார்கள். பிள்ளைகளைத் தச்சர்களாக்குவது அவருடைய நோக்கமன்று. உடலால் உழைப்பதில் விருப்பமும், அப்படி உழைப்பவர்களிடம் மரியாதையும் உண்டாக வேண்டும் என்பதே நோக்கம்.

அந்த மரியாதை நமக்கு எவ்வளவு தேவைப்படுகிறது! ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெரிய தேர் அசைந்து வரும்போது அதன் மரச் சிற்பங்களைக் கண்டு பரவசமடைகிறோம். மறுநாள் கதவைச் சரிசெய்ய வரும் ஆசாரியிடமோ அரை நாள் கூலிக்காக ஒரு நாழிகை பேரம் பேசுகிறோம். ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, மற்றொரு சட்டத்தின் துளையில் இடைவெளி தெரியாமல் பொருத்தும் காரியத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டவர், அதையே ஒரு முற்பகலில் செய்து முடிக்கும் ஆசாரியிடம் பேரம் பேச நா எழாமல் நிற்பார். பொழுதுபோக்குத் தச்சர்கள் மெய்யான தச்சர்களின் பிழைப்பைக் கெடுத்துவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நமக்கு அந்த அச்சமில்லை. ஆணியடித்து ஒட்டிய பலகைக்கும் கையால் பொருத்திய பலகைக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் பெருகினால் நல்ல தச்சருக்கு நல்ல கூலி கொடுக்கும் வீடுகளும் பெருகும்.

ஆதலின் கைவேலை அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. இனிப் படம் அனுப்பும்போது அதன் அடியில் மூன்று வரி எழுதுங்கள்: இது என்ன மரம், அந்த மரம் எங்கே நின்றது, வேலை எத்தனை நாள் பிடித்தது. வீட்டுக்குக் கட்டிலோ அலமாரியோ வாங்கப் போகும் சகோதரிகளும் கடைக்காரரிடம் இந்த மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். முதலிரண்டுக்கும் ஒளிவின்றி விடை வந்தால் செண்பகத்தோப்பு மரங்கள் மலைமேலேயே நிற்கும். மூன்றாவதற்கு விடை வந்தால் ஆசாரியின் வீட்டில் அடுப்பு எரியும். இந்த வழக்கம் வேரூன்றிய குடும்பத்தில் மாம்பலகை முக்காலியை எவரும் கூச்சத்தோடு கொல்லைப்புறத்தில் ஒளித்து வைக்கமாட்டார்கள். கூடத்தின் நடுவிலேயே போட்டு விருந்தாளியை உட்காரச் சொல்வார்கள்.