கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்

சென்ற வாரம் ஒரு காரியமாகப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு பட்டறை வாசலில் பழைய எச்.எம்.டி. டிராக்டர் ஒன்று நின்றது. வர்ணம் வெளுத்து, சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருடைய வண்டி அது. அவருடைய தகப்பனார் 1984-ல் வாங்கியதாம். அவர் கேட்கும் விலை 3 லட்சம் ரூபாய். ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், வண்டியும் நின்றுகொண்டிருக்கிறது.

"இந்தத் தொகையை எப்படி நிர்ணயித்தீர்கள், ஐயா?" என்று விசாரித்தோம். செல்போனை எடுத்துக் காட்டினார். அதே மாதிரி வண்டிக்கு வேறு யாரோ அவ்வளவு கேட்டிருந்தார்.

"அந்த வண்டி விலை போயிற்றா?"

அது அவருக்குத் தெரியவில்லை.

நேயர்களே, விஷயம் இங்கேதான் இருக்கிறது. விலை போகாத நூறு வண்டிகளுக்குக் கேட்ட தொகையைக் கூட்டி நூறால் வகுத்தால், நூறு பேருடைய ஆசையின் சராசரி கிடைக்கும். வண்டியின் மதிப்புக் கிடைக்காது.

பழமைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். அபூர்வமாயிருந்தால் உண்டு. இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை செய்த பெர்குஸன் டி.ஈ.20 டிராக்டர் சரித்திரப் பிரசித்தி பெற்றது. ஆயினும் 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதால், வயது ஏறிய மாத்திரத்தில் அது பொன்னாகிவிடவில்லை. சர்க்கார் ஸ்தாபனமான எச்.எம்.டி., பிஞ்சோரில் 1971-ல் டிராக்டர் செய்யத் தொடங்கியது. அந்தப் பிரிவை மூட 2016-ல் மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. அபிமானிகளுக்கு இதனால் பிரியம் கூடலாம். உழுகிறவருக்கோ உதிரிப்பாகக் கவலைதான் கூடும்.

பட்டறை மெக்கானிக்கின் கணக்கு வேறு. சூடேறாத எஞ்சினைக் காலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். தூக்கிய கலப்பை தானாகவே இறங்கினால் ஹைட்ராலிக்கில் கோளாறு. பிறகு டயர், கிளட்ச். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, 15 வருஷத்துக்குப் பின் பதிவு புதுப்பிக்கப்பட்டதா, பாங்கிக் கடன் தீர்ந்ததா என்பதும் முக்கியம். அக்கம்பக்கத்தில் நல்ல நிலையிலுள்ள வண்டி உண்மையில் கைமாறிய தொகையிலிருந்து ரிப்பேர்ச் செலவைக் கழித்தால் வருவதே விலை. பழைய இரும்புக்காரர் எடை போட்டுச் சொல்வது அதற்குக் கீழ்வரம்பு. அவசரத்தில் அதற்கு இணங்குவதும் நஷ்டமே.

போன வருஷம் ஒருவர் 1,10,000 ரூபாய்க்குக் கேட்டாராம், இவர் மறுத்துவிட்டார். அதன்பின் பாட்டரி செத்தது, டயர் வெடித்தது. மகளின் காலேஜ் சம்பளம் கட்ட ஜூன் மாதம் நெருங்குகிறது.

"அப்பா மடியில் உட்கார்ந்து இதை ஓட்டப் பழகினேன், சார்" என்றார் மெல்ல.

3 லட்சத்தின் இரகசியம் அப்போதுதான் விளங்கிற்று. "அந்தப் பங்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பணம் கொடுக்க யாராலும் ஆகாது. எஞ்சினையும் இரும்பையும் மட்டும் விற்றுவிடுங்கள்" என்றோம்.

சற்று நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெக்கானிக்கிடம், புதுப் பாட்டரி என்ன விலை என்று கேட்டார்.