தாத்தாவிடம் கேட்ட தப்பான கேள்வி

டிசம்பர் 16 வந்தால் போதும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் முழுக்க டாக்கா சரணடைவுப் படம்தான். நியாஜி கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் ஜெனரல் அரோரா, கீழே 93,000 கைதிகள் என்று ஒரு வரி. போன டிசம்பரிலும் வந்தது. குர்காவ்ன் ஆபீஸ் கேன்டீனில் அதைப் பார்த்துக்கொண்டே தட்டில் இருந்த ராஜ்மாவை ஆறவிட்டேன். தாத்தா இல்லாமல் வந்த முதல் டிசம்பர் 16.

அம்மாவைப் பெற்ற தாத்தா. வேலூர் பக்கம் ஒரு கிராமம். அந்தப் பக்கத்து ஊர்களில் மிலிட்டரிக்குப் போவது வீரத்தால் மட்டுமல்ல, மழையை நம்பாத ஒரு சம்பளம் அது. தாத்தா சேர்ந்தது மெட்ராஸ் சேப்பர்ஸில். பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் டிரெயினிங். 1971 போரில் ஷகர்கர் பகுதியில் இருந்தார்.

பத்து வயதில் எல்லாப் பையன்களும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?"

"நாங்க சுடறவங்க இல்லடா, வழி பண்றவங்க."

சப்பென்று ஆகிவிட்டது. இதைப் பள்ளிக்கூடத்தில் போய் எப்படிப் பீற்றிக்கொள்வது? அப்புறம் பல வருடம் நான் எதுவும் கேட்கவில்லை.

பசந்தர் ஆற்றுச் சண்டை என்றால் பரம்வீர் சக்ரா வாங்கிய 21 வயது அருண் கேதர்பாலைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவருடைய டாங்குக்கு முன்னால் ஒரு கண்ணிவெடி வயல் இருந்தது. டிசம்பர் 15 இரவில், குண்டுகள் விழ விழ, அதில் பாதை திறந்தவர்கள் சேப்பர்கள். அந்த வேலையில் உயிர்விட்ட மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அவர் பெயரை என் குரூப்பில் ஒருவரும் போட்டதில்லை.

காலேஜ் படிக்கும்போது ஒருநாள், மிலிட்டரி கேன்டீன் க்யூவில் நிற்கையில், தாத்தாவே சொன்னார். கம்பியைச் சாய்வாகத்தான் குத்த வேண்டும், நேராகக் குத்தினால் வெடியின் தலையிலேயே படும். தட்டுப்பட்டால் விரலால் மண்ணை விலக்க வேண்டும். பாதை முடிந்த இடம்வரை வெள்ளை டேப். பின்னால் வருகிறவன் அதை நம்பித்தான் கால் வைப்பான்.

எனக்கு எங்கள் வரப்பு ஞாபகம் வந்தது. பேரப்பிள்ளைகள் ஐந்து பேரையும் கிணற்றுக்குக் கூட்டிப்போகும்போது அவர்தான் முன்னால் போவார், தடியால் புல்லைத் தட்டிக்கொண்டே. யாரும் அவரை முந்தக் கூடாது. பாம்புக்காக என்றுதான் நினைத்திருந்தேன். (பாம்பும் இருந்தது, அது வேறு.)

2019-இல் டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் திறந்ததும் அவரை வரவழைத்தேன். அந்த வட்டச் சுவர்களில் ஒரு கூட்டாளியின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, பார்க்கிங் நேரம் முடிகிறதே என்று நின்றேன்.

செத்தவர்களுக்குச் சுவர் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உயிரோடு திரும்பியவர்களை என்ன செய்தோம்? தாத்தா பத்து வருடம் ஒரு பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்? டிவியில் போர் வேண்டும் என்று கத்துகிறவர்களுக்கு இருக்கிற மைக் அவருக்குக் கிடைத்ததில்லை. அவர்களைப் பார்த்தால், "இவனுங்க ஒரு ராத்திரி டேப் கட்டிட்டு வரட்டும்" என்று பாட்டுச் சேனலுக்கு மாற்றிவிடுவார்.

1971-இல் இருபது வயதில் இருந்தவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் சுட்ட கணக்கை விடுங்கள். என்ன வேலை செய்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார், எப்படித் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள்.

என்னிடம் இருப்பது மொத்தம் பதினோரு நிமிடம். அதில் பாதி, நான் சாப்பிட்டேனா, டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கினேனா என்று அவர் என்னைக் கேட்பதுதான்.