பெரிய திரை: வாங்கியவரிடம் என்ன கேட்பது?



"சார், எங்கள் வீட்டில் 65 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போகிறார்கள். வாங்கலாமா?" என்று என் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் கல்லூரியில் ஒளியியல் நடத்துபவன். ஆகவே விடை என் சட்டைப் பையிலேயே இருக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் நானோ பெட்டியை முதலில் வாங்கினேன். கணக்கைப் பிறகுதான் போட்டேன். அந்த அனுபவத்தையும் அதனால் எனக்கு உண்டான ஒரு கருத்தையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது 32 அங்குலப் பெட்டி. அது பழுதானதும் கடைக்குப் போனோம். வரிசையாகத் திரைகள், ஒவ்வொன்றிலும் பனித்துளியும் பஞ்சவர்ணக்கிளியும் கண்ணைப் பறித்தன. 65 அங்குலத் திரைக்கு நாலடி தொலைவில் நின்று கிளியின் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அவ்வளவுதான், 18 மாதத் தவணையில் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் படிப்பு மேசை வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணமும் முன்பணத்தில் கரைந்தது.

முதல் நாள் மாலை அம்மா வழக்கமான தொடரைப் பார்த்தார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னப்பா, எல்லார் முகத்திலும் மாவு அப்பினாற்போல இருக்கிறது? பழைய பெட்டியே தேவலாம்" என்றார். கண்புரை அறுவைக்குப் பிறகு அவர் பார்வை என் பார்வையைவிடக் கூர்மை. "சினிமாவைப் பார்த்தால் மேடை நாடகம் மாதிரி வழவழவென்று இருக்கிறது" என்றாள் மகள். "பகலில் படத்தைவிட ஜன்னல்தான் நன்றாகத் தெரிகிறது" என்றார் என் மனைவி. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி இப்படியா பேசுவது? ஆனால் மூவர் சொன்னதும் உண்மை. பொய் சொன்னது என் கண் கடையில் சொன்ன சாட்சி.

பழைய கணக்கு, புதிய பெட்டி

முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாளில் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் கறுப்புக் கோடுகள் சிலவற்றை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். மெல்லப் பின்னால் நகருங்கள். ஏறத்தாழ 3.4 மீட்டர், அதாவது பதினோரடிக்கு அப்பால் போனதும் கோடுகள் ஒன்றுகலந்து வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். நல்ல பார்வை உள்ள கண்ணால் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணம் வரையில்தான் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய முடியும். இதையே கண்ணின் பிரிதிறன் என்கிறோம். எளிய விதியாகச் சொன்னால், இடைவெளியைப் போல் 3400 மடங்கு தொலைவு போனால் அந்த இடைவெளி கண்ணுக்கு மறைந்துவிடும்.

இனித் திரைக்கு வருவோம். 65 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம். இன்றைய திரைகளின் அகல உயர விகிதம் 16:9. பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம்: அகலம் ஏறத்தாழ 144 சென்டிமீட்டர், உயரம் 81 சென்டிமீட்டர். 32 அங்குலத் திரையின் உயரம் சுமார் 40 சென்டிமீட்டர். மூலைவிட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது.

பரப்பு வளர்ந்தது. படம் வளர்ந்ததா? எங்கள் வீட்டுக்கு வந்த சாதாரணக் கேபிள் இணைப்பில் ஒரு படத்துக்கு 576 வரிகளே உண்டு. 40 சென்டிமீட்டர் உயரத்தில் 576 வரிகள் என்றால் ஒரு வரி 0.7 மில்லிமீட்டர். எட்டடிக்கு அப்பால் அது கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் அமர்வது பத்தடியில். ஆகவே பழைய பெட்டியில் முகங்கள் தெளிவாக இருந்தன. அதே 576 வரிகளை 81 சென்டிமீட்டருக்கு இழுத்தால் ஒரு வரி 1.4 மில்லிமீட்டர் ஆகிறது. அது மறைய வேண்டுமானால் ஏறத்தாழ பதினாறு அடி தள்ளி உட்கார வேண்டும்! ஒரு கரண்டி மாவைச் சின்னக் கல்லில் ஊற்றினால் தோசை. அதே மாவைப் பெரிய கல் முழுவதும் இழுத்தால் ஓட்டை. இல்லாத விவரத்தைப் பெட்டி ஊகித்து நிரப்பப் பார்க்கிறது. அந்த ஊகம்தான் அம்மாவின் கண்ணில் 'மாவு அப்பின முகம்' ஆயிற்று.

கடையில் ஓடியதோ 2160 வரிகள் கொண்ட 4கே தரப் படம். காட்சிக்கென்றே எடுத்தது. ஒரு வரி 0.4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த நுணுக்கத்தை முழுதும் அனுபவிக்க நாலேகால் அடியில் நிற்க வேண்டும். கடையில் நான் சரியாக அங்கேதான் நின்றேன். வீட்டில் அங்கே நின்றால் சமையலறைக்குப் போகும் வழி அடைபடும்.

மற்ற இரண்டு புகார்களுக்கும் காரணம் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. புதிய பெட்டிகள் பலவும் இரண்டு படங்களுக்கு இடையே தாமே சில படங்களைக் கற்பித்துச் செருகி, அசைவை வழவழப்பாக்குகின்றன. விரைந்தோடும் பந்தைப் பார்க்க அது உதவலாம், சினிமாவுக்கு ஒவ்வாது. 2018ஆம் ஆண்டில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மக்குவாரியும் இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று மக்களைக் கேட்டு ஒரு காணொளியே வெளியிட்டார்கள். என் மகள் அதைப் பார்த்தவள் அல்லள். தன் கண்ணால் கண்டதைச் சொன்னாள். ஜன்னலைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்பில் படித்த எதிரொளிப்பு விதியே போதும். ஜன்னலுக்கு நேர் எதிரே பளபளப்பான கறுப்புப் பரப்பை மாட்டினால் அது கண்ணாடியாகத்தானே வேலை செய்யும்!

மூன்று வீடுகள், மூன்று தீர்ப்புகள்

மனம் ஆறாமல் கல்லூரியில் இரண்டு நண்பர்களிடம் விசாரித்தேன். இருவர் வீட்டிலும் 65 அங்குலம்தான். தமிழ்த் துறை நண்பர், "அற்புதமான பெட்டி. சாதாரணக் கேபிள்தான், குறையே இல்லை" என்றார். வேதியியல் நண்பர், "அற்புதம்தான். ஆனால் கேபிளைத் தொடாதீர்கள்; இணையம் வழியாக 4கே படம் மட்டும் பாருங்கள்" என்றார். நானோ தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரே அளவுள்ள பெட்டிக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் தருவார். இன்னொருவர் இரண்டு தருவார். யாரை நம்புவது?

அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி தோன்றியது: "எத்தனை அடி தள்ளி உட்காருகிறீர்கள்?" தமிழ் நண்பருடையது கிராமத்துப் பழைய வீடு; கூடத்தின் நீளம் அதிகம். அவர் நாற்காலி பதினேழு அடியில். வேதியியல் நண்பருடையது சிறிய அடுக்குமாடி வீடு, சோபா ஆறடியில். கணக்கில் பொருத்திப் பாருங்கள். பதினேழு அடியில் 576 வரிகளும் இணைந்துவிடுகின்றன. ஆறடியில் கேபிள் படம் கட்டாயம் பிசிறும். 4கே படம் தெளிவாக இருக்கும். பத்தடியில் சாதாரணக் கேபிள் பார்க்கும் என் வீட்டில் அம்மா சொன்னதே சரி. முரண்பட்டவை போலத் தோன்றிய மூன்று தீர்ப்புகளும் ஒரே விதிக்கு அடங்கிவிட்டன!

என் கருத்து இதுதான்: வாங்கியவரின் அனுபவத்தை அலட்சியம் செய்யாதீர்கள்; ஆனால் நிபந்தனை இல்லாத அனுபவத்தை நம்பவும் வேண்டாம். "தண்ணீர் 95 பாகையில் கொதித்தது" என்று ஒருவர் சொன்னால், "எந்த மலை மேலே?" என்று கேட்போம் அல்லவா? "பெட்டி பிரமாதம்" என்பதும் அப்படித்தான். தொலைவு, வரும் படத்தின் தரம், அறையின் வெளிச்சம் ஆகியவை சேராத வரை அது அளவீடு ஆகாது. வெறும் வியப்பு அல்லது வெறும் வருத்தம். ஆயிரம் பேர் தந்த நட்சத்திரங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தாலும், உங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம் அந்தச் சராசரிக்குத் தெரியாது.

"சந்தோஷத்துக்குக் கூடவா சார் கணக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய திரை கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. முகத்தைக் குறை சொன்ன அதே அம்மா, "கிரிக்கெட்டில் எத்தனை ரன் என்பதை இப்போது கட்டிலில் இருந்தே படிக்க முடிகிறது" என்று மகிழ்ந்தார். முதியோருக்கு அது சிறிய நன்மை அன்று. ஆனால் சந்தோஷத்துக்காகத் தவணை கட்டுவது 18 மாதம் என்றால், அதற்கு முன் 18 நிமிடம் கணக்குப் போடுவதால் சந்தோஷம் குறைந்துவிடாது.

எங்கள் வீட்டில் பிறகு என்ன செய்தோம் தெரியுமா? இணைப்பை 1080 வரிகள் தரும் எச்.டி. இணைப்பாக மாற்றினோம். 65 அங்குலத்தில் அது எட்டரை அடியிலேயே இணைந்துவிடும். நாங்கள் பத்தடியில் இருக்கிறோம். பெட்டியைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினோம். ஜன்னல் திரையில் இருந்து மறைந்தது. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்தோம். கடைக் காட்சிக்கான கூசும் வெளிச்சத்தை வீட்டுக்கு ஏற்றபடி குறைத்தோம். மூன்றாம் நாள் அம்மா, "இப்போதுதான் முகம் முகமாக இருக்கிறது" என்றார். இவற்றில் மாதாமாதம் செலவு வைப்பது இணைப்பு ஒன்றே. மற்றவை சுத்தியலும் ரிமோட்டும் செய்த வேலை.

ஆனாலும் ஒன்று மனத்தை உறுத்துகிறது. பிரிதிறனைப் பதினைந்து ஆண்டுகளாக நான் வகுப்பில் நடத்துகிறேன். தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கடை வாசலில் அந்தப் பாடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் 50 அல்லது 55 அங்குலத்தோடு நின்றிருப்பேன். மகளின் மேசையும் அதே மாதம் வந்திருக்கும். அவள் இன்னும் சில மாதங்கள் தரையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். கரும்பலகையோடு நின்றுபோன இயற்பியலுக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

உங்கள் வீட்டிலும் நாளை இந்தப் பேச்சு எழலாம். பெரியவர்கள் விலையைப் பேசட்டும். அளவை நீங்கள் பேசுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி 144க்கு 81 சென்டிமீட்டரில் ஒரு 'திரை' செய்து, பெட்டி வரப்போகும் சுவரில் ஒரு வாரம் மாட்டிவையுங்கள். எல்லாரும் வழக்கமான இடத்தில் அமர்ந்து பார்க்கட்டும். மாலை வெயில் அதன் மேல் விழுகிறதா என்று கவனியுங்கள். நாற்காலியில் இருந்து சுவர் வரைக்கும் டேப்பால் அளங்கள். வரும் இணைப்பு எத்தனை வரி என்று கேட்டறியுங்கள். பிறகு 3400 மடங்கு விதியைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர் யாராவது புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், பணிவோடு மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை அடி? என்ன இணைப்பு? ஜன்னல் எந்தப் பக்கம்?

செய்தித்தாள் திரைக்குத் தவணை கிடையாது. பிடிக்கவில்லை என்றால் கத்தரிக்கோலால் சிறிதாக்கிக்கொள்ளலாம். உண்மைத் திரையில் அது முடியாது.