முதல்ல பிரேக்கு, அப்புறம் ஃபிரிட்ஜு

பழைய ஆம்னி வேனை வாங்கி, உள்ள கட்டில் போட்டு, குட்டி வீடாக்கி ஊர் சுத்துற ஆசை புனேவுல நம்மாளுங்க மத்தியில நல்லாவே பரவிக்கிட்டு இருக்கு. கடந்த ஒரு வருஷத்துல எனக்குத் தெரிஞ்ச நாலு தமிழ்க் குடும்பம் வாங்கியாச்சு. இன்னும் ரெண்டு பேர் "அண்ணே, ஒரு ஞாயித்துக்கிழமை வந்து வண்டியைப் பாத்துச் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க. என்னை ஏன் கேக்குறாங்கன்னா, நான் பொட்டி தட்டுற கோஷ்டி இல்ல. சாக்கண் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யுற ஒரு கம்பெனியில, தரக்கட்டுப்பாட்டுல, பதினாலு வருஷமா ஆணி புடுங்கிட்டு இருக்கேன்.

எங்கிட்டயும் ஒரு 2013 ஆம்னி இருக்கு. அதனால "பழசெல்லாம் வேண்டாம், இ.எம்.ஐ. போட்டுப் புதுசா எடுங்க"ன்னு சொல்ல வரல. பழசை வாங்கி, சரிபண்ணி ஓட்டுறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. என் சண்டை வேற. நான் பாத்த அந்த நாலு வண்டியில மூணுல ஃபிரிட்ஜ் இருக்கு, கலர் கலரா லைட் இருக்கு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை இருக்கு. கீழ குனிஞ்சு பாத்தா ஒன்பது வருஷத்து டயர், கசியுற வீல் சிலிண்டர். பெத்த புள்ளைங்களை ஏத்திட்டுப் போற வண்டிக்கு இதுக்குப் பேரு அப்கிரேடா?

அமெரிக்காவுல காருக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற லேசான டிராவல் டிரெய்லரை ரெண்டாங்கையா வாங்கி, சொந்தமா சரிபண்ணிக்கிறது பெரிய பொழுதுபோக்கு. நம்ம சொசைட்டியில ஒரு காரை நிறுத்தவே செக்ரட்டரியோட மல்லுக்கட்டணும், இதுல டிரெய்லரை எங்க நிறுத்துறது? ஆகவே நம்ம பட்ஜெட்டுக்கு ஆம்னி. 1984ல மாருதி வேன்னு வந்து, 1988ல ஆம்னின்னு பேர் மாறி, 2019ல உற்பத்தி நின்னு போன வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர் எஞ்சின். காலி எடை சுமார் 800 கிலோ. ரெண்டு பக்கமும் தள்ளுகதவு. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவார். ஸ்பேர் வேணுமா, நானா பேட் போனா கிடைக்கும். இதெல்லாம் உண்மை, அதனாலதான் நானும் வாங்கினேன்.

ஆனா அது ஏன் நின்னு போச்சுன்னு யாராச்சும் யோசிக்கிறோமா? புதுசா வந்த மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த வண்டியை மாத்த முடியாதுன்னுதான் நிறுத்தினாங்க. எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழ. மூக்கே கிடையாது. முன்னாடி எதுலயாச்சும் இடிச்சா முதல்ல வாங்குறது ஓட்டுறவர் முழங்கால். ஏர்பேக் இல்ல. அகலம் 1.41 மீட்டர், உயரம் 1.64 மீட்டர், அதாவது அகலத்தை விட உயரம் ஜாஸ்தி. இப்படிப்பட்ட வண்டி முட்டாம நிக்கணும், சாயாம திரும்பணும். அந்த ரெண்டையும் கெடுக்குற மாதிரிதான் நம்மாளுங்க பணம் செலவு பண்றாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. எட்டுக்கு நாலு, 18 எம்எம் பிளைவுட் ஒரு ஷீட் 30 கிலோவுக்கு மேல. கட்டிலுக்கும் அலமாரிக்கும் ரெண்டு ஷீட்டுன்னா 60. ஐம்பது லிட்டர் தண்ணித் தொட்டி 50 கிலோ. எக்ஸ்ட்ரா பேட்டரி ஒரு 30. ஃபிரிட்ஜ் ஒரு 15. ஆக 155 கிலோ. குடும்பம் ஏறும் முன்னாடியே ரெண்டு பெரிய ஆளு உக்காந்த மாதிரி. இதுல சில பேர் தண்ணித் தொட்டியைக் கேரியர்ல மேல ஏத்துறாங்க. ஒல்லியான, உயரமான வண்டிக்குத் தலையில பாரம்! 12 எம்எம் பிளைவுட்ல மடக்குற பலகை போதும், தண்ணிக் கேன் தரையில இருந்தா போதும். சொன்னா "லுக் வராதுண்ணே"ங்கிறாங்க.

இப்ப பிரேக்குக்கு வரேன், நம்ம தொழில். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கணும். ஈரம் ஏறினதுக்கப்புறம் அதுக்கு வெச்சிருக்குற அளவே 140 டிகிரிதான். தாம்ஹிணி காட்டுல கொங்கண் பக்கம் இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு தாறுமாறா ஏறும். ஆயில் கொதிச்சுக் குழாய்க்குள்ள ஆவி உண்டாச்சுன்னா, பெடல் மெத்தை மாதிரி அமுங்கித் தரையைத் தொடும். வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை ஆயில் மாத்த ஆயிர ரூபா கூட ஆகாது. ஃபிரிட்ஜ் விலை எவ்வளவுங்க?

டயர்லயும் அதே கதை. "பட்டன் நல்லா இருக்கே"ன்னு நகத்தால கீறிக் காட்டுவாங்க. பட்டனைப் பாக்காதீங்க, பக்கவாட்டுல நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 2316ன்னு இருந்தா 2016ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ஓடாம நின்னாலும் ரப்பர் வயசாகி வெடிக்கும். ஆறு வருஷம் தாண்டினதை நான் நம்ப மாட்டேன், ஸ்டெப்னி உட்பட. அப்புறம் துரு. தரை மேட்டைத் தூக்கிப் பாருங்க, தள்ளுகதவு ஓடுற தண்டவாளத்துக்குக் கீழ பாருங்க, பின் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்குற இடத்தை ஸ்குரூ டிரைவரால தட்டிப் பாருங்க. 'டொங்'னு கேட்டா சரி. 'பொத்'னு உள்ள போச்சுன்னா கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க. விக்கிறவர் "காடி ஏக்தம் மஸ்த் ஹை, சாப்"னுதான் சொல்வார். அவர் பொழப்பு அது.

வண்டியைக் கேரவனா மாத்தித் தர்றோம்னு கிளம்பியிருக்குற ஒரு கடைக்கு நண்பரோட போனேன். கட்டில், விளக்கு, இன்வர்ட்டர், ஃபிரிட்ஜ், சோபாத் துணி, எல்லாம் சேத்து ஒரு லட்சத்து இருபதாயிரம் பேக்கேஜ். "இதுல பிரேக் வேலை உண்டா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் உங்க மெக்கானிக் பாத்துக்குவார்"னு சிரிச்சுக்கிட்டே பதில். ஆக, வண்டி ஓடுறதும் நிக்கிறதும் அவங்க டிபார்ட்மென்ட் இல்ல! ஆனா அந்த இன்வர்ட்டர்ல 1500 வாட் கெட்டில் போடலாம்னு சொல்லித்தான் விக்கிறாங்க. 1500ஐ 12 வோல்ட்டால வகுத்தா 125 ஆம்பியர். நான் பாத்த ஒயரு வீட்டு ஃபேனுக்குப் போடுற சைஸ், ஃபியூஸும் இல்ல. டீ கொதிக்குதோ இல்லியோ, ஒயரு கொதிக்கும்.

கேஸும் அப்படித்தான். சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையில தங்கும். நீங்க படுத்திருக்குறது தரைக்கு ஒரு முழம் மேல. கதவைச் சாத்திட்டு உள்ள அடுப்பு எரிச்சா கார்பன் மோனாக்ஸைடு சேரும், அதுக்கு வாசனையே கிடையாது. அடுப்பை எப்பவும் வெளிய வெச்சே சமைங்க. இட்லி வேக வைக்க இந்த நாட்டுல மரத்தடிக்கா பஞ்சம்?

சட்டத்தையும் பாத்துடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்குற கம்பெனி விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. சீட்டைக் கழட்டிப் போட்டுட்டு நிரந்தரக் கட்டில் அடிச்சீங்கன்னா, விபத்துன்னு வரும்போது இன்சூரன்ஸ்காரர் முதல்ல அதைத்தான் கேப்பார். கழட்டி மாட்டுற பலகை போதும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு இதுவும் காரணம். வாங்குறப்ப எம்-பரிவாஹன்ல நம்பரைத் தட்டி, பேங்க் கடன் பாக்கி இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா ஃபார்ம் 35ம் பேங்க் என்.ஓ.சி.யும் கைக்கு வராம காசு குடுக்காதீங்க. இன்சூரன்ஸைப் பேர் மாத்த 14 நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்குறது வேற ஒண்ணு. "தீவாளிக்கு டிரெயின்ல டிக்கெட் கிடைக்கல, அதான் ஆம்னியிலயே ஊருக்குப் போறோம். ராத்திரி புள்ளைங்க கட்டில்ல படுத்துக்கும், விடிஞ்சா கிருஷ்ணகிரி"ன்னு ரெண்டு வீட்டுல சொல்றாங்க. புனேவுல இருந்து சென்னை 1,200 கிலோமீட்டர். பகல் பூரா ஆபீஸ் பாத்துட்டு ராத்திரி லாரிகளுக்கு நடுவுல, ஏர்பேக் இல்லாத, மூக்கில்லாத வண்டியில, பெல்ட் போடாம தூங்குற குழந்தைங்க! 2022 செப்டம்பர் 4ஆம் தேதி பால்கர் பக்கம் நடந்த விபத்துல சைரஸ் மிஸ்திரி இறந்தது ஞாபகம் இருக்கா? எத்தனையோ ஏர்பேக் இருந்த விலை உசந்த கார். பின்சீட்டுல பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னாங்க. அதுக்கே அந்த கதின்னா, ஓடுற ஆம்னியில கட்டில்ல உருளுற நாலு வயசுப் புள்ளைக்கு என்ன கதி? சடன் பிரேக் போட்டா அது நேரா முன் கண்ணாடிக்குத்தான் வரும்.

அந்தக் கட்டில் வண்டி நின்னதுக்கப்புறம் படுக்குறதுக்கு. ஓடும்போது எல்லாரும் சீட்டுல, பெல்ட்டோட. ஊருக்கு டிரெயின்லயே போங்க. 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 60 நாள்தான், காலண்டர்ல குறிச்சு வெச்சுக் காலையில எட்டு மணிக்கு உக்காருங்க. கிடைக்கலைன்னா பொங்கலுக்குப் போனாப் போச்சு. அம்மா அப்பா கோவிச்சுக்குவாங்க, உண்மைதான். ஆனா அவங்க காத்திருக்குறது பேரப்புள்ளைங்க முழுசா வந்து இறங்கத்தான். ஆம்னிக்கு அலிபாக், திவேஆகர்னு பகல்ல, 60ஐத் தாண்டாம, 150 கிலோமீட்டர் போதும். அதுக்கு அது தங்கமான வண்டி.

"ஒண்ணரை லட்சத்து வண்டிக்கு அம்பதாயிரம் ரிப்பேரா? வண்டி விலையில மூணுல ஒரு பங்கு!"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு பதில்: அந்த அம்பதாயிரத்தையும் சேத்துதான் வண்டி விலை. என் வண்டி வாங்கின விலை 1,35,000. அஞ்சு டயர், பிரேக் முழுசா, ஸ்டியரிங், சஸ்பென்ஷன் புஷ், தரைக்கு வெல்டிங், பெட்ரோல் ஹோஸ், பெல்ட்னு 52,000 ஆச்சு. உள் அலங்காரத்துக்கு ஆனது 6,000. வீட்டுத் தங்கமணி தைச்ச மெத்தையும் பேட்டரி விளக்கு ரெண்டும். ஃபிரிட்ஜ் இன்னும் வாங்கல, ஐஸ் பெட்டிதான். புள்ளைங்க இதுவரைக்கும் குறை சொல்லல.

ஆகவே மக்களே, கையில இருக்குற காசு இந்த வரிசையில போகட்டும்: பிரேக், டயர், ஸ்டியரிங், துரு, பெல்ட், பேப்பர், ஒயரிங், கடைசியா கட்டில். பாதியில காசு தீந்துச்சுன்னா தரையில பாய் விரிச்சுப் படுங்க. நாமெல்லாம் பாயில படுத்து வளந்தவங்கதானே?

பி.கு: அந்த ரெண்டு நண்பர்களுக்கு, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன். டார்ச்சும் ஸ்குரூ டிரைவரும் நான் கொண்டு வந்துடுறேன். நீங்க அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க.